ஏ.எம்.ஹெச். 0.6: முட்டை குறைவு என்றால் என்ன அர்த்தம்?

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மச்சினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட் ஒன்று வந்தது. ஏ.எம்.ஹெச். 0.6. கூடவே ஒரு வரி: "மாமா, எனக்கு முட்டையே இல்லையாம். இனிமே ஐ.வி.எஃப். தானாம்." வயது 31. கல்யாணமாகி எட்டு மாதம்.

நான் டாக்டர் கிடையாது, பி.இ. படித்துவிட்டு புரோகிராம் எழுதுகிறவன். ஆனா ஒரு எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அந்த எண் எதை அளக்குதுன்னு பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் கணக்கு. பெண் சிசு தாயின் வயிற்றில் 20 வாரமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60-70 லட்சம் முட்டைகள் இருக்கும். அதுதான் உச்சம். பிறக்கும்போது 10-20 லட்சம், வயதுக்கு வரும்போது 3-4 லட்சம். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவது என்னமோ 400, 500 தான். மீதியெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். கர்ப்பமாக இருந்தாலும் சரி, கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சரி, இந்த அழிவு நிற்காது. சிலருக்கு மட்டும் வயதை மீறிக் குறைகிறது. கீமோதெரபி, சினைப்பையில் செய்த ஆபரேஷன், சிகரெட், சில மரபணு மாற்றங்கள் என்று காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணமே பிடிபடாது.

தூங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளை நேரடியாக எண்ண முடியாது. விழித்து வளர ஆரம்பித்த சின்ன ஃபாலிக்கிள்களின் செல்கள் சுரப்பதுதான் ஏ.எம்.ஹெச். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை வைத்து ஊர் ஜனத்தொகையை ஊகிப்பது மாதிரி. (கருத்தடை மாத்திரை எடுக்கும்போது இந்த எண் தற்காலிகமாக இறங்கும், ஜாக்கிரதை.)

இப்போ விஷயத்துக்கு வருவோம். இயல்பாகக் கர்ப்பமாக மாதத்துக்கு ஒரு முட்டை போதும். ஐ.வி.எஃப்.பில் அப்படியில்லை. ஊசி போட்டு ஒரே சுழற்சியில் பல முட்டைகளை எடுக்கப் பார்க்கிறார்கள். எத்தனை கிடைக்கும், எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று சொல்ல ஏ.எம்.ஹெச். நன்றாகவே உதவுகிறது. அந்த வேலைக்கு நல்ல கருவி. அதையே "உனக்குக் குழந்தை பிறக்குமா" என்ற கேள்விக்குப் பதிலாக நீட்டுவதில்தான் கோளாறு.

2017-ல் ஜாமா இதழில் ஆன் ஸ்டெய்னர் குழுவினரின் ஆய்வு வந்தது. வட கரோலினாவில் கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்த, 30 முதல் 44 வயதுள்ள 750 பெண்கள். ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களில் 12 சுழற்சிகளுக்குள் கர்ப்பமாகும் வாய்ப்பு 84 சதவீதம், இயல்பான அளவு உள்ளவர்களில் 75 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. 84 பெரிசு என்று குதிக்க வேண்டாம், தற்செயலாக இருக்கலாம். இன்னொன்று, இவர்கள் யாருக்கும் முன்பு குழந்தையின்மைப் பிரச்சினை இருந்ததில்லை. மூணு வருஷமாக முயல்பவருக்கு இந்த ஆய்வை அப்படியே பொருத்த முடியாது.

முட்டையின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது. ஒவ்வொரு முட்டையும் தாய் பிறக்கும் முன்பே பிரிய ஆரம்பித்து, பாதியில் நின்று, பல வருடம் காத்திருக்கிறது. காத்திருப்பு நீள நீள குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது கூடுகிறது. அதனால் 0.6 உள்ள 31 வயதுக்காரியின் நிலைமையை, 2.5 உள்ள 41 வயதுக்காரியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சின்னவளே மேல்.

அதுக்காக 0.6-ஐத் தூக்கிப் போடவும் முடியாது. மாதவிடாய் சீக்கிரம் நிற்கலாம், அவகாசம் குறைவு. ரெண்டாவது குழந்தையும் வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. வழக்கமாக 35-க்குக் கீழே ஒரு வருடம், 35-க்கு மேல் ஆறு மாதம் முயன்று பார்த்தபின் பரிசோதனை என்பார்கள். இவள் விஷயத்தில் அவ்வளவு நாள் காத்திருக்காமல் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

அப்புறம் கேட்டேன், "சகலைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"அவருக்கு எதுக்கு மாமா? யாரும் சொல்லலையே."

எட்டு மாதத்தில் இவளுக்கு ரத்தம் மூணு தடவை, ஸ்கேன் ரெண்டு தடவை. அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட இல்லை. இருப்பதிலேயே செலவும் வலியும் குறைந்த டெஸ்ட் அது! அன்றைக்கே போனில் சகலையிடம் பேசினேன். கொஞ்சம் இழுத்தார், போன சனிக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.