கணிப்பொறியின் நாள்வழிக் குறிப்பு

மும்பை மாநகரின் பாண்டுப் பகுதியில் மிகப் பெரியதொரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. வைதர்ணா முதலிய ஏரிகளின் நீர் அங்கே தெளிந்து மக்களின் குடங்களை அடைகின்றது. இத்தகைய நிலையங்களில் எந்தப் பம்பு எப்பொழுது ஓடிற்று, எவ்வளவு குளோரின் சேர்ந்தது என்பவற்றை நாள்தோறும் குறித்து வைத்தல் கடமையாகும். நீர் கலங்கி வருமாயின் முதலில் புரட்டப்படுவது அக்குறிப்பேயாம். அலுவலகக் கணிப்பொறியும் தன் செயல்களைத் தானே எழுதி வைக்கின்றது. அதனை 'லாக்' என்பர்.

லாக் என்னும் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். முற்காலக் கப்பலோட்டிகள் முடிச்சிட்ட கயிற்றிற் கட்டையைப் பிணித்துக் கடலில் எறிந்து, கப்பலின் வேகத்தை அளந்து ஏட்டில் எழுதினர். அவ்வேட்டின் பெயரே கணிப்பொறிக்கும் வந்தது.

பார்க்கும் முறை

விண்டோஸ் பொறியில் இக்குறிப்புகளை 'ஈவென்ட் வியூவர்' என்னும் பகுதியிற் காணலாம். ஒவ்வொரு குறிப்பிலும் நேரமும், எழுதிய நிரலின் பெயரும், செய்தியும் இருக்கும். லினக்ஸ் முதலியவற்றில் வழங்கும் 'சிஸ்லாக்' முறையில் 0 முதல் 7 வரை எட்டுத் தரங்கள் உள. எண் குறையக் குறைய ஆபத்து மிகும்.

கண்ணிற்படும் கடைசிப் பிழையே காரணம் என்று கொள்ளலாகாது. வட்டு நிறைந்தமையால் தரவுத்தளம் நின்றிருக்கும். அது நின்றமையால் எழுத்தர் உள்நுழைய இயலாதிருப்பார். அவரோ கடவுச்சொல் தவறென்று எண்ணுவார். ஆகவே, பின்னோக்கிச் சென்று முதற் பிழையைக் காணவேண்டும். இரு பொறிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் வேறுபட்டாலும் காரணமும் விளைவும் முன்பின்னாகத் தோன்றும்.

துப்புரவு செய்யும் முறை

குறிப்புகள் பெருகினால் அவையே வட்டை நிறைத்துப் பொறியை நிறுத்திவிடும். லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' என்னும் நிரல் பழைய கோப்பைப் பெயர் மாற்றிச் சுருக்கி, தவணை கடந்தவற்றை நீக்கும். இயங்கும் நிரலொன்று திறந்து வைத்துள்ள கோப்பைக் கையால் அழித்தாற் பயனில்லை. அந்நிரல் அதனை மூடும்வரை இடம் விடுபடாது. விண்டோஸிலோ, குறித்த அளவு நிரம்பியதும் பழையவற்றின்மேல் புதியவை எழுதப்படுவது வழக்கம். பாதுகாப்புக் குறிப்பை ஒருவர் முழுதும் அழித்தால், அச்செயலே 1102 என்னும் எண்ணுடன் பதிவாகும்.

அழிப்பதற்கு முன் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணை, அரசு அலுவலகங்கள் உள்ளிட்ட நிறுவனங்கள் குறிப்புகளை 180 நாட்கள் காக்கவேண்டும் என்கின்றது. கடிகாரங்கள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசையவேண்டும் என்பதும் அவ்வாணையே. எனவே, முதலில் வேறொரு பொறியிற் படியெடுத்து, படி திறக்கின்றதா எனச் சோதித்து, தவணை கடந்தவற்றை மட்டும் நீக்குக.

எழுதவே கூடாதனவும் சில உள. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உட்குறிப்பில் பதிவாகிவிட்டன என்று அறிவித்து, பயனர் அனைவரையும் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டிற்று. குறிப்பைப் படிக்கும் உரிமை பொறுப்புடையோர் சிலர்க்கே இருத்தல் நன்று.

ஆசிரியர்கள் பள்ளிக் கணிப்பொறியின் ஒருநாட் குறிப்பைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள பெயர்களை நீக்கி, முதற் பிழை யாதென மாணவரைக் கண்டறியச் செய்யலாம். காரணத்தையும் விளைவையும் பகுத்தறியும் பழக்கம் அதனால் வளரும்.