பழைய உழவு இயந்திரத்தின் பிறேக்கைத் திருத்துதல்

ஊர் திரும்பியதும் தோட்டத்தை உழவே மனம் அவசரப்படும். ஆனால் நெடுநாள் நின்ற உழவு இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிறேக். உடுப்பிட்டி தட்டையான நிலம்தான். எனினும் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனிப் பிறேக் இல்லை. வெங்காய மூடைகளோடு ஒழுங்கையில் வரும்போது முழுப் பாரத்தையும் உழவு இயந்திரமே நிறுத்த வேண்டும்.

இயந்திரம் பற்றைக்குள் நின்றால், அந்தக் காணி வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதியாகும் வரை கிட்டப் போக வேண்டாம்.

மசி பெர்குசன் 35, 135 போன்றவற்றில் இரண்டு பின் சில்லுகளுக்கும் தனித்தனி பிறேக் உண்டு. ஒன்று பிடித்து மற்றது பிடிக்காவிட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துப் புரளக்கூடும். ஆகவே எப்போதும் இரு பக்கமும் ஒன்றாகத் திருத்துங்கள்.

1. சமதரையில் நிறுத்தி, பெட்டியைக் கழற்றுங்கள். நிலத்தில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல், அச்சின் கீழ் உறுதியான மரக்குற்றி கொடுங்கள்.

2. பின் சில்லு மிகப் பாரமானது. கழற்ற இருவராவது வேண்டும்.

3. டிரம் கறள் பிடித்து இறுகியிருந்தால், பிறேக் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள்.

4. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியை ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

5. ரிவெட் தலைவரை லைனிங் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் ஊறியிருந்தாலும் மாற்றுங்கள். பெற்றோலில் கழுவினால் சரிவராது. கசியும் ஒயில் சீலை முதலில் மாற்றாவிட்டால் புது லைனிங்கும் வீணாகும்.

6. சில்லைப் பூட்டி, நிலத்தில் இருந்து உயர்ந்திருக்கும்போதே பிறேக்கை இறுக்குங்கள். சில்லு உரசத் தொடங்கியதும், தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்துங்கள். மற்றப் பக்கமும் அப்படியே.

பின்னர் இரண்டு பிறேக் மிதிகளையும் கொழுக்கியால் இணைத்து, பெட்டி இல்லாமல், ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டி அழுத்துங்கள். இரு ரயர்த் தடங்களும் நேராக, ஒன்றுபோல நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மீண்டும் சரிபாருங்கள்.

கொழுக்கியைக் கழற்றுவது வயலில் திரும்புவதற்கு மட்டும். வீதிக்கு ஏற முன் மறக்காமல் மாட்டுங்கள். லைனிங் அடிக்கும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதற்காகும் செலவை விதை, உரச் செலவோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.