மரக்கூழிலிருந்து நானோ செல்லுலோஸ்: அமிலக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்

"பிளாஸ்டிக்குக்கு மரத்திலிருந்து மாற்று" என்கிற வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். அதில் அடிக்கடி அடிபடும் பெயர் நானோ செல்லுலோஸ். அது என்ன, எப்படிச் செய்கிறார்கள், உண்மையிலேயே பசுமையானதா? இந்த மூணு கேள்விதான் இன்றைய எபிசோட்.

காந்திகிராமத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பக்கத்திலேயே இருக்கிற சின்னாளப்பட்டி, செயற்கைப் பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஊர். செயற்கைப் பட்டு என்றால் ரேயான். மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸைக் கரைத்து நூலாக இழுத்தால் அதுதான் ரேயான். நானோ செல்லுலோஸும் மரக்கூழிலிருந்து வருவதுதான். ஆனா, இங்கே செல்லுலோஸை முழுசாகக் கரைப்பதில்லை. நறுக்குகிறோம்.

அமிலம் எப்படி நறுக்குகிறது?

செல்லுலோஸ் நாரை நூல் மாதிரி நினைச்சுக்கோங்க. சில இடங்களில் தறியில் கட்டிய பாவு போல நேராக, நெருக்கமாக இருக்கும். சில இடங்களில் சிக்கு விழுந்து தளர்வாக இருக்கும். கந்தக அமிலத்தில் போட்டால், அமிலம் தளர்ந்த பகுதிக்குள் சுலபமாக நுழைந்து பிணைப்புகளை வெட்டும். அந்தப் பகுதி சர்க்கரையாகக் கரைந்துவிடும். மிஞ்சும் நெருக்கமான பகுதிதான் நானோ படிகம். அகலம் சுமார் 5 நானோமீட்டர், நீளம் 100 முதல் 200 நானோமீட்டர். விறைப்பில் கெவ்லாரோடு போட்டி போடும்.

ஏன் கந்தக அமிலம்? அது படிகத்தின் மேற்பரப்பில் சல்ஃபேட் குழுக்களை ஒட்டிவிடும். அதனால் எல்லாப் படிகங்களும் எதிர்மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் கட்டி தட்டாமல் மிதக்கும்.

ஆய்வகங்களில் வழக்கமான செய்முறை இதுதான்: 64 சதவீத அமிலம், 45 டிகிரி செல்சியஸ், முக்கால் மணி நேரம். நேரம் குறைந்தால் நார் வெட்டுப்படாது. கூடினால் படிகமும் சர்க்கரையாகிவிடும். அதனால் சரியான நேரத்தில் பத்து மடங்கு தண்ணீர் ஊற்றி நிறுத்துகிறார்கள்.

இப்போ கணக்கு

1 கிலோ உலர்ந்த கூழுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் அமிலக் கரைசல் வேண்டும். நிறுத்த 90 லிட்டர் தண்ணீர். கழுவுவதற்குத் தனியாக இன்னும் தண்ணீர். கிடைப்பது பெரும்பாலும் அரை கிலோவுக்கும் குறைவு. அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்தால், சுமார் 15 கிலோ ஜிப்சம் கழிவாக வரும். அரை கிலோ 'பசுமைப் பொருளு'க்கு 15 கிலோ கழிவு!

இந்தக் கதை நமக்குப் புதுசில்லை. ரேயானும் மரத்திலிருந்து வந்ததுதான். அதைத் தயாரித்த சிறுமுகை ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுத்தது, மக்கள் போராடினார்கள், ஆலை பிறகு மூடப்பட்டது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஆலைக் கழிவால் கிணறுகள் பாழானதும் தெரிந்ததுதான். மூலப்பொருள் இயற்கையானது என்பதால் மட்டும் ஆறு தப்பித்துவிடாது.

தீர்வு உண்டா?

உண்டு. முதல் வழி, அமிலத்தை வடிகாலில் விடாமல் பிரித்து, செறிவாக்கி, மறுபடி பயன்படுத்துவது. கூடவே கரைந்த சர்க்கரையையும் மீட்டால் எத்தனால் செய்யலாம். கனடாவின் கியூபெக்கில் 2012-ல் நாளுக்கு 1 டன் திறனுள்ள நானோ படிக ஆலை திறந்தார்கள். அந்த அளவில் மீட்பு இல்லாமல் கணக்கு கட்டுபடியாகாது.

இரண்டாவது வழி, ஆக்சாலிக் அமிலம். வேலை முடிந்து குளிர்வித்தால் அதுவே படிகமாகப் பிரிந்துவிடும், அள்ளி எடுத்துத் திரும்பப் போடலாம். படிக விளைச்சல் குறைவுதான். ஆனா மிஞ்சும் நாரை அரைத்து நானோ இழையாக்கலாம்.

மூன்றாவது, மூலப்பொருளையே மாற்றுவது. மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் பருத்தியிலிருந்து நானோ செல்லுலோஸ் செய்கிறது. திண்டுக்கல் நூற்பாலைகளின் பஞ்சுக் கழிவும் ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ்தான். மரத்தைக் கூழாக்கும் வேலையே மிச்சம்.

அடுத்த முறை "மரத்திலிருந்து வந்தது, முழுக்கப் பசுமை" என்று யாராவது சொன்னால், ரெண்டே கேள்வி கேளுங்க: அமிலம் எங்கே போச்சு? தண்ணீர் எங்கே போச்சு? பதில் தெளிவாக வந்தால் தாராளமாகப் பாராட்டலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.