குப்பை ‘கேம்’ தலையில் கட்டிட்டாங்களா? 2 மணி நேரத்துக்குள் முழிச்சுக்குங்க!

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் ‘ஸ்டீம்’ கடையில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் புதுச் சரக்கு இறங்குகிறது. குப்பையும் சேர்த்துத்தான்!

அமெரிக்காவின் ‘வால்வ்’ கம்பெனி நடத்தும் கடை இது. எதை விற்கலாம் என்று முன்பு வாடிக்கையாளர்களே ஓட்டுப் போட்டார்கள். 2017-ல் அது ரத்து. இப்போது ஒரு ஆட்டத்துக்கு 100 டாலர் கட்டினால் போதும். ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். நல்லா இருக்கா என்று கேட்பாரில்லை.

சில தில்லாலங்கடிகளுக்கு ஆட்டத்தை யாரும் ஆடவே வேண்டாம். ஆட்டம் ஓடினால் கிடைக்கும் படச் சீட்டுகளைப் போலிக் கணக்குகளில் குவித்து, விற்றுக் காசு பார்த்தார்கள். ‘நிஜ ஆட்கள் ஆடினால்தான் சீட்டு’ என்று 2017-ல் கம்பெனி ஆப்பு வைத்தது.

வேண்டாத ஆட்டத்தை ‘இக்னோர்’ பட்டனைத் தட்டி ஒதுக்கலாம். ஏமாந்து வாங்கிட்டீங்களா? 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். கேட்டால்தான் கிடைக்கும்!