லூசெயில் திடலில் ஓர் இரவு

நன்னிலம் வட்டாரத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெரு இல்லை எனலாம். மாதந்தோறும் வங்கிக்கு வந்து சேரும் தொகை எவ்வளவு என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியும். அத்தொகை எத்தகைய இடத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்பதோ பெரும்பாலும் தெரிவதில்லை. கைப்பேசித் திரையில் தோன்றும் ஓர் அறைச் சுவர், ஒரு கட்டில், ஆணியில் தொங்கும் சட்டை, இவ்வளவுதான் நாம் அறிந்த அரபு நாடு. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் கத்தார் நாட்டில் நடைபெற்றபோது, அந்தச் சுவருக்கு அப்பால் உள்ளதைக் காணும் வாய்ப்பு எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது. அதனைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் மகன் தோஹா நகரில் பதினோரு ஆண்டுகளாகக் குளிரூட்டும் இயந்திரத் துறையில் பணிபுரிந்து வந்தான். மனைவியையும் பிள்ளையையும் ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து வழக்கமான பார்வையாளர் விசா நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, 'ஹய்யா' எனப்படும் அட்டையைப் பதிவு செய்தவர்களே நாட்டுக்குள் வரலாம் என்று அறிவித்தார்கள். பிறருக்குத் தடையாக அமைந்த இவ்விதி எங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது! டிசம்பர் 2ஆம் நாள் பிரேசிலும் கேமரூனும் மோதும் ஆட்டத்துக்கு ஐந்து சீட்டுகளை மகன் வாங்கிவிட்டான். கத்தாரில் குடியிருப்போருக்கு மட்டும் 40 ரியால் விலையில் ஒரு வகைச் சீட்டு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஆகக் குறைந்த விலை 250 ரியாலாக இருந்தது. நாங்கள் ஐவரும் சேர்ந்து அமர வேண்டுமென்று 1,250 ரியால் கொடுத்தான். நம் பணத்தில் ஏறக்குறைய 28,000 ரூபாய். விமானக் கட்டணம் தனி.

செய்தி பரவியதும் உறவினர்கள் சும்மா இருப்பார்களா? "திருவருகைக் காலத்தில் பந்து பார்க்கப் போகிறீர்களா? அந்தப் பணத்தில் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு பத்துமுறை போய் வரலாமே" என்று பெரியவர் ஒருவர் கேட்டே விட்டார். அவருக்கு நாங்கள் சொன்ன மறுமொழி திருத்தந்தை பிரான்சிசைப் பற்றியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த அத்திருத்தந்தை, புவனோஸ் ஐரிஸ் நகரின் சான் லொரென்சோ கால்பந்துக் கழகத்தை வாழ்நாள் முழுதும் நேசித்தவர். தெருவில் டிராம் வண்டிகளுக்கிடையே பந்து விளையாடிய சிறுவர்களின் உயிருக்கு அஞ்சி, லொரென்சோ மாஸா என்ற சலேசிய குரு அவர்களுக்கு ஆலய வளாகத்தில் இடம் கொடுத்தார்; அதிலிருந்து 1908இல் உருவானதே அக்கழகம். சிறுவனாயிருந்தபோது பெற்றோருடன் சென்று ஆட்டம் பார்த்த நாள்களைத் திருத்தந்தை பலமுறை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பெரியவர் முழுதும் சமாதானம் அடைந்தார் என்று சொல்ல இயலாது. ஆனால் புறப்படும் நாளில் முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்.

சம்பா நடவு முடிந்து களையும் எடுத்தான பின், நாங்கள் இருவரும் மருமகளும் ஒன்பது வயதுப் பேரனுமாகச் சென்னை வழியே புறப்பட்டோம். நான்கரை மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 2 மாதத்தின் முதல் வெள்ளி. கத்தாரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை ஆதலால், ஞாயிற்றுக்கிழமைக்குரிய கூட்டம் அன்றே கோவிலில் திரள்கிறது. நகரின் தென்பகுதியில் அரசு ஒதுக்கிய வளாகத்தில் எல்லாக் கிறிஸ்தவ சபைகளின் ஆலயங்களும் அமைந்துள்ளன. அவற்றுள் நம் செபமாலை அன்னை ஆலயம் மன்னர் வழங்கிய நிலத்தில் கட்டப்பெற்று, 2008ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்டது. அதனை நேர்ந்தளித்தவர் முன்னர் மும்பைப் பேராயராக இருந்த கர்தினால் ஐவன் டயஸ். வெளிப்புறத்தில் சிலுவையோ மணிக்கூண்டோ கிடையாது. உள்ளே நுழைந்தால் பிலிப்பினோ, மலையாளி, கோவா நாட்டார், இலங்கையர், நம் தமிழர் என்று நிற்க இடமின்றி மக்கள். வாரம் முழுதும் வெயிலில் நின்றவர்கள் வெளுத்த சட்டை அணிந்து, தலை வாரி, மண்டியிட்டிருந்த காட்சியை எங்களால் எளிதில் மறக்க முடியாது. மருமகள் திருப்பலி முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் இரவு 10 மணிக்கு. நன்னிலத்தில் அப்போது நள்ளிரவு கடந்து 12:30. ஹய்யா அட்டை உடையோருக்கு அப்போது மெட்ரோ ரயிலில் கட்டணம் இருக்கவில்லை. நகருக்கு வடக்கே லூசெயில் நிலையத்தில் இறங்கி, சாரி சாரியாகச் செல்லும் கூட்டத்தோடு நடந்தோம். மஞ்சள் சட்டைக்காரர்கள் மேளம் கொட்டினார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் ஆடினார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும் அச்சமின்றிச் சென்றதற்கு ஒரு காரணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். திடல் வளாகங்களில் மது விற்பனை கூடாது என்று போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கையில், நவம்பர் 18 அன்று, முடிவாயிற்று. உலகப் பத்திரிகைகள் பல அதனைக் குறை கூறின. நம் ஊர்த் தேர்பவனி இரவுகளை அறிந்த எங்களுக்கோ அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

லூசெயில் திடல் 88,966 பேர் அமரக்கூடியது. அரபு நாட்டு விளக்கின் வடிவை மனத்திற்கொண்டு அமைத்த பொன்னிறப் பெருங்கிண்ணம் அது. அன்றிரவு வந்தவர்கள் 85,986 பேர். எங்கள் இருக்கைகள் உச்சி அடுக்கில் கிடைத்தன. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் நெல்மணி அளவே தெரிந்தார்கள். ஆயினும் பந்து எங்கே போகிறது என்பது தொலைக்காட்சியில் தெரிவதைவிட நன்றாகப் புலப்பட்டது. மகன் எங்களுக்கு முதலில் காட்டியது ஆட்டக்களத்தை அன்று. குளிர்காற்று வெளிவரும் துளைகளைத்தான். இதே போன்ற குழாய்களை வேறொரு திடலில் பொருத்தும் பணியில் அவன் இரண்டு கோடைகளைக் கழித்திருந்தான். "அப்பா, அதை நீங்களா கட்டினீங்க?" என்று பேரன் கேட்டான். "நான் மட்டும் இல்லடா. ஊர் உலகமே சேர்ந்து கட்டினது" என்றான் மகன். அவனுடைய தாயார் குனிந்து அந்தத் துளையின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

பிரேசில் முன்பே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டதால் முன்னணி வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்திருந்தது. நெய்மார் காயத்தால் ஆடவில்லை. அந்நாள்களில் பெலே சாவோ பாவுலோ நகரில் மருத்துவமனையில் இருந்தார். அம்மாதம் 29ஆம் நாள் அவர் காலமானார். 1977இல் அவர் கல்கத்தா வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடி, ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்த செய்தியை நாங்கள் செய்தித்தாளில் படித்ததைப் பேரனிடம் கூறினோம். அவனுக்கு அது தாவீது கோலியாத்து காலத்துக் கதையாகத் தோன்றியிருக்கும்.

பிரேசில் அடித்த பந்துகளை யெல்லாம் கேமரூன் காப்பாளர் எபாசி தடுத்துக்கொண்டே இருந்தார். தொண்ணூறு நிமிடங்கள் கோலின்றிக் கழிந்தன. கூடுதல் நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில், வலப்புறமிருந்து வந்த பந்தை வின்சென்ட் அபூபக்கர் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். எங்கள் முன்வரிசையில் இருந்த ஆப்பிரிக்க அம்மையார் திரும்பி, முன்பின் அறியாத எங்கள் மருமகளைக் கட்டிக்கொண்டார். அபூபக்கர் மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றினார். அது விதிமீறல், முன்பே ஒரு மஞ்சள் அட்டை பெற்றவர் ஆதலால் வெளியேற்றப்பட வேண்டும். நடுவர் இஸ்மாயில் எல்ஃபத் புன்னகையோடு அவரது கையைக் குலுக்கி, தலையைத் தட்டிக்கொடுத்து, அதன்பின் சிவப்பு அட்டையைக் காட்டினார். விதி சற்றும் தளரவில்லை, அன்பும் குறையவில்லை. பிள்ளைகளைத் தண்டிக்க நேரும் தருணங்களில் அம்முகம் எங்கள் நினைவுக்கு வருகிறது. உலகக் கோப்பையில் பிரேசிலை வென்ற முதல் ஆப்பிரிக்க அணி கேமரூன்தான். ஆனால் அதே வேளையில் சுவிட்சர்லாந்து செர்பியாவை 3-2 என வென்றுவிட்டதால், வெற்றி பெற்றும் அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

நள்ளிரவில் ரயிலுக்கு நடக்கையில், மகன் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். 2015இல் அவனுடைய அப்பாயி இறந்தபோது அவன் அடக்கத்துக்கு வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்றுதான் வீட்டுக்குத் தெரிவித்திருந்தான். உண்மையில், நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற சட்டம் அன்று இருந்தது. அப்போதைய முதலாளி ஒப்பமிட ஆறு நாள் கடத்திவிட்டார். பணம் இருந்தது, விமானமும் இருந்தது. பெரும்பாலான தொழிலாளருக்கு அவ்விதி 2018இல் நீக்கப்பட்டது. 2020இல் முதலாளியின் இசைவின்றி வேறு வேலைக்கு மாறும் உரிமையும், 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் வந்தன. உண்டியும் உறையுளும் முதலாளி தராவிடில் அதற்கு மேலும் 800 ரியால் தர வேண்டும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 3:30 வரை வெளிவேலைக்குத் தடை உண்டு. உலகத்தின் கண்கள் இத்திடல்களின்மேல் விழுந்திராவிட்டால் இவை இவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

விலை கொடுத்தவர்களும் உளர். 2010க்குப் பின் பத்தாண்டுகளில் கத்தாரில் இறந்த தெற்காசியர் 6,500 பேருக்கு மேல் என்று இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் 2021இல் எழுதியது. அது எல்லா வேலைகளிலும் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் தொகை. திடல் வேலையில் இறந்தோர் மட்டும் எத்தனை பேர் என்று அது கூறாது. போட்டியோடு தொடர்புடைய பணிகளில் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று போட்டி அமைப்புக்குழுவின் பொதுச் செயலாளரே 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் கூறினார். அவர்களுள் இந்தியரும் உண்டு. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு இங்கே ஒரு சொல்: குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளருக்கு நம் அரசின் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு உண்டு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். முகவர் பேச்சை நம்பிப் பார்வையாளர் விசாவில் வேலைக்குச் செல்பவருக்கு இக்காப்பீடு கிடையாது.

மறுநாள் புனித சவேரியார் திருநாள். முத்துக்குளிப்போரைத் தேடி 1542இல் நம் கடற்கரைக்கு வந்தவர் அவர். எண்ணெய் கிடைப்பதற்கு முன் கத்தார் மக்களின் பிழைப்பும் முத்துக்குளிப்பே. அன்று மாலை மகன் எங்களை 'ஏசியன் டவுன்' என்ற பகுதிக்கு அழைத்துச் சென்றான். தொழிலாளர் குடியிருப்புகளை அடுத்த கிரிக்கெட் மைதானத்தில் பெருந்திரை அமைத்து ஆட்டங்களை இலவசமாகக் காட்டினார்கள். நெதர்லாந்தும் அமெரிக்காவும் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் சிலர் நெருங்கி வந்தார்கள். திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர், பேரளத்துக்காரர் ஒருவர். "ஐயா, மழை எப்படிங்க? சம்பா தண்ணியில நிக்குதா?" என்பதே அவர்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. பயிர் நன்றாயிருப்பதைச் சொன்னோம். முறுக்கு டப்பா அங்கேதான் காலியாயிற்று.

பேரளத்துக்காரர் தம் கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தித் திரையை நோக்கிப் பிடித்திருந்தார். மறுமுனையில் அவருடைய சிறுமகன். "வீட்டுல டி.வி. இருக்கே, அதுல இன்னும் தெளிவாத் தெரியுமே" என்று எங்கள் பேரன் கேட்டான். "தெரியும் தம்பி. அவன் அதையும் போட்டு வச்சிருக்கான்" என்றார் அவர். கை வலித்ததும் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.