அழிவுக் கதைகளும் எஞ்சியிருப்போரும்

உலக முடிவைப்பற்றிய புனைகதைகளை நம் சபை வாலிபர் விரும்பி வாசிக்கின்றனர். அவற்றின் வழிவந்த திரைப்படங்களை அதனினும் விருப்பத்தோடு பார்க்கின்றனர். கொள்ளைநோயோ அணுகுண்டோ விண்கல்லோ மனித நாகரிகத்தை அழித்துவிட, எஞ்சிய சிலர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே இவற்றின் பொருள். ஆயர்களில் சிலர் இவற்றை வீண் கற்பனை என்று தள்ளுகின்றனர். வேறு சிலர் பிரசங்கத்தில் உவமையாகக் கையாளுகின்றனர். இவை ஏன் மனதைக் கவருகின்றன என்னும் கேள்வியை இருசாராரும் எழுப்புவதில்லை.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஊழியம் செய்வோர்க்கு இக்கேள்வி புறம்பானதன்று. அங்கே காலடி மண்ணே ஓர் உலகத்தின் முடிவைக் காட்டுகிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். காரை ஊரையடுத்த ஓடைகளில் பழங்கடலின் சிப்பிகளும், சுருள் வடிவான அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு அடுக்கில் டைனோசர் எலும்புகள் உள்ளன. அதற்கு மேலுள்ள நின்னியூர் அடுக்கின் காலத்தில் அவ்விலங்குகள் இல்லை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்குமுன் நேர்ந்த பேரழிவு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அம்மோனைட்டு அதில் அற்றுப்போயிற்று. அதன் உறவான நாட்டிலஸ் பிழைத்து இன்றும் கடலில் வாழ்கிறது. மேலடுக்கும் வெறுமையானதன்று, பாசியும் சிப்பியும் செறிந்த சுண்ணாம்புக்கல் அது. (நம் புதிய ஆலயங்கள் பலவற்றின் சிமெண்டு இப்பழங்கடலிலிருந்தே வந்தது என்பதைக் கட்டடக் குழுவினர் அறிந்திரார்!) அழிவிற்குப் பின்வருவது முன்னிருந்ததைச் சுமந்தே வருகிறது. கதைகளோ பெரும்பாலும் வேறுவிதமாய்ச் சொல்லுகின்றன.

முதலாவது, வாசகன் தன்னை எப்பொழுதும் எஞ்சியோரில் ஒருவனாகவே எண்ணிக்கொள்ளுகிறான். முதல் அதிகாரத்தில் பெயரின்றி மடியும் கோடிக்கணக்கானோரில் தானும் ஒருவன் என்று எண்ணி எவரும் வாசிப்பதில்லை. இரண்டாவது, கடன் பத்திரமும் தேர்வும் மேலதிகாரியும் ஒரே இரவில் இல்லாமற்போகும் விடுதலை அதிலுண்டு. இவ்விரண்டையும் வெறும் பொழுதுபோக்கு எனலாம். மூன்றாவது ஈர்ப்பை அவ்வாறு தள்ளிவிடலாகாது. கூலிக்காரர் குடியிருப்பிலிருந்து வந்த இறையியல் மாணவர், ஊர் என்றும் சேரி என்றும் வகுத்த எல்லை அழிந்துபோன உலகத்தை அங்கே காண்கிறார். இப்படியே இருக்கவேண்டியதில்லை என்னும் அவ்வேக்கம் தீர்க்கதரிசிகளின் ஏக்கமே.

ஆயினும் பேரழிவு தானாகவே மதில்களை இடிக்கும் என்று நம்புவதற்கில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினக் கரையின் நிவாரணப் பணிகளில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. கடல் வேற்றுமை பாராமல் அடித்தது. கரையிலிருந்தோர் வேற்றுமை பாராட்டினர்.

இழந்தோர் எழுதிய கதைகள் இதனை நன்கு அறிந்தவை. மேரி ஷெல்லி 1826-இல் 'கடைசி மனிதன்' நாவலை வெளியிடுமுன் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்தார். வால்ட்டர் மில்லர், 1944-இல் மோந்தே கசீனோ மடத்தைத் தகர்த்த குண்டுவீச்சில் பங்குகொண்ட போர்வீரர். பின்னர் அவர் எழுதிய நாவலில், அணுப்போருக்குப் பின் துறவிகள் தமக்கே விளங்காத ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காக்கின்றனர். திருச்சபையின் பணியைப்பற்றி அந்நூல் கேட்கும் கேள்விகள், பாடநூல்கள் பலவற்றினும் கூர்மையானவை. டிம் லாஹேயும் ஜெரி ஜென்கின்சும் 1995-இல் தொடங்கிய கதைத்தொடரில், விசுவாசிகள் முதலிலேயே எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். இத்தொடர் பெற்ற விற்பனையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரப்போகும் உபத்திரவத்தைத் தாம் காணாமலே தப்பிவிடலாம் என்னும் மனநிறைவை அது வாசகர்க்கு எளிதில் அளித்துவிடுகிறது.

அப்போகலிப்சிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திரைநீக்கம் என்பதே பொருள். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் எரிந்தபின் எழுந்தவை நான்காம் எஸ்றாவும் இரண்டாம் பாருக்கும். அவற்றின் ஆசிரியர்கள் முடிவு எப்பொழுது வரும் என்று வினவுவதோடு அமையவில்லை. வந்துவிட்ட முடிவிற்குப் பின் கடவுளை எவ்வாறு நம்புவது என்றும் வினவினர். ரோம ஆதிக்கத்தின்கீழிருந்த ஆசியாவின் ஏழு சபைகளுக்கு யோவான் எழுதியதும் இந்நிலையினின்று தூரமானதன்று. உலகம் முடிவடைந்தோர் அந்நூல்களை எழுதினர். முடிவடையாத உலகில் வசதியாய் அமர்ந்து நாம் அவற்றை வாசிக்கிறோம்.

ஆகவே இக்கதைகளை வாலிபரிடமிருந்து பறிப்பது தேவையற்றது. அவற்றோடு வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசிக்கச் செய்யலாம். பாபிலோனின் வீழ்ச்சிக்காக அங்கே அழுவோர் அரசரும் வணிகரும் கப்பற்காரருமே. வணிகரின் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, முத்து, பட்டு, கோதுமை, ஆடுமாடு, குதிரை, இரதம் என்று இறங்கி மனித உயிர்களில் முடிகிறது. பட்டியல் நீளமென்று கருதி ஆராதனையில் இதனைச் சுருக்கி வாசிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சுண்ணாம்புக்கல் குழிகளில் நாட்கூலிக்கு உழைப்போர் அமர்ந்திருக்கும் சபையில் அதனைக் கடைசிச் சொல்வரை வாசியுங்கள்.