தொண்டு செய்பவருக்கு என்ன கிடைக்கிறது?

கோலா கிளாவாங்: விடுமுறை நாளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் பிள்ளை கிளம்பினால், பல வீடுகளில் ஒரு கேள்வி எழும். "சம்பளம் இல்லை, பெட்ரோல் காசும் இல்லை. இதில் உனக்கு என்ன கிடைக்கப் போகிறது?"

நியாயமான கேள்விதான். சிக்கனமாக வாழ்ந்து பழகிய குடும்பங்களில் அது எழாமல் இருக்காது.

ஜெலுபு மாவட்டத்தின் தலைமை நகரமான கோலா கிளாவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில், ஒரு காலத்தில் இப்படிக் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் குளித்த கையோடு பந்தல் போடப் போவார்கள். கோயில் திருவிழா என்றால் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து காய்கறி நறுக்குவார்கள். அதற்குத் தொண்டு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்பதே கணக்கு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும் வேலை குறைந்ததாலும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாத இடத்தில் அந்தக் கைமாற்று தானாக நடக்காது. யாராவது முன்வந்து செய்ய வேண்டும். தன்னார்வத் தொண்டு அங்கேதான் தேவைப்படுகிறது.

இதற்கு நம் நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம்.தம்பிராஜா, பல்கலைக்கழக மாணவர்களுடன் சேர்ந்து 1982இல் அதைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளில் இந்திய மாணவர்களுக்குப் பாட வகுப்புகள் நடத்தும் அந்த நிலையத்தைத் தாங்கி நிற்பவர்கள் தன்னார்வலர்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களில் பலர் ஆசிரியராகத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

திரும்பி வருபவருக்கு என்ன லாபம்? முதல் லாபம் படிப்பிலேயே இருக்கிறது. பின்னத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க முயலும்போதுதான், தனக்கு அது எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது சொல்லிக் கொடுப்பவருக்கே தெரியும். கூட்டத்தில் பேசும் துணிவும் நேரம் தவறாத பழக்கமும் கூடவே வரும்.

உடலுக்கும் பலன் உண்டு. கனடாவில் 106 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினர் இரண்டு மாதங்களுக்கு வாரந்தோறும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். உதவியவர்களின் கொழுப்பு அளவும் உடலின் அழற்சி அளவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பிறர்மீது அக்கறை அதிகம் வளர்ந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம். அதே ஆண்டு, 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் வெளியானது. ஆண்டுக்கு 200 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு குறைவு என்றது அது. 200 மணி நேரம் என்பது வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. நல்ல உடல்நலம் உள்ளவர்களே தொண்டுக்கு வருகிறார்கள் என்பதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆகவே இதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது.

2012இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, தொண்டு செய்ததற்கான காரணத்தையே முதியவர்களிடம் கேட்டது. பிறருக்காகச் செய்தவர்களிடையே அடுத்த நான்கு ஆண்டுகளில் இறப்பு குறைவாக இருந்தது. தனக்குக் கிடைக்கும் நன்மைக்காகச் செய்தவர்களோ, தொண்டே செய்யாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். பலனை எண்ணிப் போனவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

நம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காட்டுப் புள்ளி உண்டு என்பதால், சான்றிதழுக்காகத் தொண்டுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. முதல் நாள் எதற்காக வந்தாலும் சரி, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அடுத்த வாரமும் வருகிறார்களா என்பதே கேள்வி.

தொடங்க நினைப்பவர்கள் சிறியதாகத் தொடங்கலாம். தெரிந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் போதும், ஆனால் தவறாமல் போங்கள். பிள்ளைகள் ஒரு வாரம் காத்திருந்து ஏமாந்தால், மறுவாரம் அவர்களும் வரமாட்டார்கள். முடியாத பொறுப்பை முதலிலேயே மறுத்துவிடுங்கள். குடும்பத்தையும் உடலையும் வருத்திச் செய்யும் தொண்டு நெடுநாள் நிற்காது.

"உனக்கு என்ன கிடைக்கிறது?" என்று வீட்டில் மறுபடியும் கேட்டால், அடுத்த வாரம் கேட்டவரையும் வகுப்புக்கு அழைத்துப் போங்கள். வாய்ப்பாடு கேட்கவும் ஓர் ஆள் தேவைப்படும்.